பதினெட்டாம் நூற்றாண்டின் படைத்தலைவர்களை வரிசைப்படுத்துவது எப்படி?

மொரீசியஸில் தமிழ் வகுப்புகளிலும் வரலாற்று வினாடி வினாக்களிலும் ஆர்வம் காட்டும் இளைஞர்கள் பலர், பதினெட்டாம் நூற்றாண்டின் தலைசிறந்த படைத்தலைவர்கள் யார் என்று பட்டியல் போடுவதில் விருப்பம் உள்ளவர்கள். அப்படிப்பட்ட பட்டியல்கள் பெரும்பாலும் மூன்று நான்கு ஐரோப்பியப் பெயர்களில் தொடங்கி, வெற்றி பெற்ற போர்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டு முடிந்துவிடுகின்றன. எதிர்க்கேள்விக்கு ஈடுகொடுத்து நிற்கக்கூடிய ஒரு வரிசையை எவ்வாறு அமைப்பது என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன். வெற்றிகளை எண்ணுவதால் ஒரு படைத்தலைவரின் தரம் தெரியவராது. கையில் இருந்தது என்ன, எதிரே நின்றவர் யார், அந்த நிலையில் அவர் எடுத்த முடிவு எத்தகையது என்ற மூன்றையும் சேர்த்து எடைபோட்டால்தான் தெரியும். கீழே சொல்லும் முறை முழுவதும் இந்தக் கருத்தின்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

பெயர்களை எழுதத் தொடங்குமுன் கால எல்லையைத் தாளின் தலைப்பில் எழுதிவிட வேண்டும். 1701 முதல் 1800 வரை நடந்த போர்களை மட்டுமே கணக்கில் கொள்வது என்று முடிவு செய்தால், பிடித்தமான ஒருவருக்காகப் பின்னர் அதை நீட்டக் கூடாது. இந்த விதியின்படி, 1650இல் பிறந்த இங்கிலாந்தின் மார்ல்பரோ முழுமையாக உள்ளே வருகிறார். ஏனெனில் அவருடைய பெரும்போர்கள் அனைத்தும் 1704க்கும் 1709க்கும் இடைப்பட்டவை. சவாய் இளவரசர் யூஜீனுக்கு 1697இல் செந்தாவில் துருக்கியரை வென்றது கணக்கில் சேராது. 1706இல் தூரின் நகரையும் 1717இல் பெல்கிரேடையும் வென்றது சேரும். நெப்போலியனுக்கு 1796–97 இத்தாலியப் படையெடுப்பும் எகிப்தும் மாரெங்கோவும் உண்டு, ஆஸ்டர்லிட்ஸ் இல்லை. நெல்சனுக்கு 1798 ஆகஸ்டு 1 அன்று நடந்த நைல் கடற்போர் உண்டு, டிரஃபால்கர் இல்லை. நம் தீவின் கிரான் போர் துறையில் 1810 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கப்பல்கள் பெற்ற வெற்றி எவ்வளவு புகழ் பெற்றதாயினும், அது இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்க வேண்டியதே. மாஹேபூர் அருங்காட்சியகத்தில் அப்போரின் எச்சங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விட்டுக்கொடுப்பது கடினமாக இருக்கும்; ஆயினும் விதி என்றால் அது நமக்கும் பொருந்தித்தான் ஆக வேண்டும்.

அடுத்ததாக, ஒருவருக்குக் கட்டளையிடும் உரிமை எவ்வளவு இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிரஷ்யாவின் இரண்டாம் பிரடெரிக்கும், பாரசீகத்தின் நாதிர் ஷாவும், மைசூரின் ஹைதர் அலியும் தங்கள் போரின் நோக்கத்தைத் தாங்களே வகுத்துக்கொண்டவர்கள். மார்ல்பரோ ஒவ்வொரு பெரிய நகர்வுக்கும் டச்சுக் குடியரசின் பிரதிநிதிகளுடைய இசைவைப் பெற வேண்டியிருந்தது. ரஷ்யாவின் சுவோரொவ் 1799இல் வியன்னாவிலிருந்து வந்த ஆணைகளுக்கு இடையே போரிட்டார். கட்டுண்ட கைகளோடு ஒருவர் செய்ததையும் கட்டற்ற ஒருவர் செய்ததையும் ஒரே தட்டில் வைக்கலாம். ஆனால் அந்த வேறுபாட்டை எழுதி வைத்துக்கொண்டுதான் வைக்க வேண்டும்.

பெயர்களை எங்கிருந்து திரட்டுவது

பட்டியலின் முதல் வரைவில் குறைந்தது முப்பது பெயர்களாவது இருக்கட்டும், அவை ஒரே கண்டத்திலிருந்து வராமல் இருக்கட்டும். மராட்டியப் பேஷ்வா முதலாம் பாஜிராவ், 1761இல் பானிபட்டில் வென்ற அகமது ஷா துரானி, 1752இல் ஒரு கிராமத்தலைவராகத் தொடங்கி 1757இல் பெகு நகரைப் பிடித்துப் பர்மாவை ஒன்றிணைத்த அலௌங்பயா, 1769இல் சீனப் படையைக் கவுங்டோனில் உடன்பாட்டுக்கு இணங்கவைத்த பர்மியத் தளபதி மகா திஹ துரா, 1789இல் வியட்நாமியப் புத்தாண்டு நாட்களில் சீனப் படையைத் திடீரெனத் தாக்கி முறியடித்த வியட்நாமின் நுயென் ஹுவே, ஹெயிட்டியின் துசேன் லூவெர்த்தூர் ஆகியோர் இடம்பெறாத ஒரு பட்டியலை உலகப் பட்டியல் என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து மதுரையைப் பெரும்படைக்கு எதிராகக் காத்து நின்று 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்ட முகம்மது யூசுப் கானையும் எழுதிக்கொள்ளுங்கள். இறுதிப் பத்தில் அவர்களில் பலர் வராமல் போகலாம். ஆராய்ந்து விலக்குவது ஒன்று, தெரியாமல் விட்டுவிடுவது மற்றொன்று.

சான்றுகளைப் படிப்பதில் மொரீசியஸ் தமிழருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பிரெஞ்சும் ஆங்கிலமும் பள்ளியிலேயே கற்றவர்கள். தமிழும் படிக்கத் தெரிந்தால், சோழமண்டலக் கரையில் அந்நூற்றாண்டில் நடந்த போர்களை மூன்று தரப்பிலிருந்தும் நேரடியாகப் படிக்கலாம். 1746இல் சென்னை வீழ்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலக் குறிப்புகளில் அந்த நாள் செப்டம்பர் 10. பிரெஞ்சுக் குறிப்புகளில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள்தான். இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியைப் பின்பற்றியதால் பதினொரு நாள் வேறுபாடு வந்தது. இதை அறியாதவர், கப்பல்கள் பயணம் செய்த நாட்களைக் கணக்கிடும்போது தவறான முடிவுக்கே வருவார். ரஷ்யாவின் போர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அதே நிகழ்வைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பு விரிவாகப் பேசுகிறது. 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட அந்தக் குறிப்பு விலைமதிப்பற்றது. ஆனால் பிள்ளை புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர். துய்ப்ளேக்ஸுக்கும், நம் தீவின் ஆளுநராக இருந்து சென்னையைப் பிடித்த லாபூர்தொனேக்கும் இடையே, நகரை மீட்புப் பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதா வைத்துக்கொள்வதா என்பதில் கடும்பகை மூண்டிருந்தது. ஆகவே லாபூர்தொனேயைப் பற்றி அங்கே வரும் தீர்ப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், யாருடைய வீட்டு வாசலில் நின்று எழுதப்பட்டவை என்பதை மனத்தில் கொண்டு படிக்க வேண்டும்.

படையெண்ணிக்கை விஷயத்தில் நான் கடைப்பிடிக்கும் விதி எளியது. ஒரு படையின் அளவுக்கு அப்படையின் சொந்தக் கணக்கையே நம்புகிறேன், எதிரி அதைப் பற்றிச் சொன்னதை நம்புவதில்லை. வென்றவர்கள் எதிரியின் படையைப் பெருக்கிச் சொல்வது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். 1789இல் ரிம்னிக் ஆற்றங்கரையில் சுவோரொவ் ஏறத்தாழ 25,000 ரஷ்ய, ஆஸ்திரிய வீரர்களோடு ஒரு லட்சம் துருக்கியரை வென்றதாகச் சொல்லப்படுவதில், முதல் எண்ணைத் தயக்கமின்றி ஏற்கலாம். இரண்டாவதைப் "பல மடங்கு பெரிய படை" என்று மட்டும் எழுதிக்கொள்வது போதும்.

ஒருவருக்கு ஒரு பக்கம்

ஒவ்வொரு பெயருக்கும் தனிப்பக்கம் ஒதுக்கி, அவர் பெற்ற படை எத்தகையது, எதிரி யார், உணவும் குதிரையும் மாடும் வெடிமருந்தும் எவ்வாறு வந்தன, வெற்றியை என்ன பயனாக மாற்றினார், தோல்விக்குப் பின் என்ன செய்தார் என்பவற்றை எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு போரைத் தேர்ந்தெடுத்து மணிவாரியாகப் படியுங்கள். நூறு போர்களின் சுருக்கத்தைப் படிப்பதைவிட ஒரு போரை ஆழமாகப் படிப்பது படைத்தலைவரின் மனத்தை நன்றாகக் காட்டும்.

பிரடெரிக்குக்கு 1757 டிசம்பர் 5 அன்று நடந்த லாய்த்தன் போரை எடுத்துக்கொள்வது நல்லது. அவரிடம் ஏறத்தாழ 35,000 பேர். எதிரே லொரேன் இளவரசர் சார்லஸின் கீழ் ஆஸ்திரியப் படை ஏறத்தாழ 65,000. தரையில் பனி. பிரஷ்ய முன்னணிப் படை போர்னா என்ற ஊருக்கு அருகே ஆஸ்திரியரின் வலப்பக்கத்தை நோக்கி முன்னேறியதும், அங்கே பொறுப்பிலிருந்த லுக்கேசி உதவி கேட்டார். பின்னணியில் வைத்திருந்த படையும் வடக்கே அனுப்பப்பட்டது. அதே நேரத்தில் பிரடெரிக்கின் முதன்மைப் படை, தாழ்ந்த குன்றுகளின் மறைவில் தெற்கு நோக்கித் திரும்பி நடந்துகொண்டிருந்தது. கண்ணில் பட்ட அசைவுகளை வைத்து, பிரஷ்யர்கள் பின்வாங்குகிறார்கள் என்றே ஆஸ்திரியத் தலைமை எண்ணியது. பிற்பகல் ஒரு மணியளவில் இடப்பக்கத்தின் கடைசி முனையில் தாக்குதல் விழுந்தபோது அங்கே நின்ற துணைப்படைகள் சிதறின. ஆஸ்திரியர்கள் லாய்த்தன் ஊரைச் சுற்றிப் புதிய வரிசை அமைக்க முயன்று, ஒருவர் மேல் ஒருவராகக் குவிந்தார்கள். தேவாலயத்தின் சுற்றுச்சுவரைப் பிடிக்கவே கடும் சண்டை நடந்தது. மாலையில் லுக்கேசியின் குதிரைப்படை பிரஷ்யரின் பக்கவாட்டைத் தாக்க வந்தபோது, டிரீசனின் குதிரைப்படை அதன் மேல் பாய்ந்து அதை உடைத்தது. ஆஸ்திரியர் இழந்தது ஏறத்தாழ 22,000 பேரை. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டவர்கள்.

இதை மட்டும் படித்தால் பிரடெரிக்கை முதலிடத்தில் வைத்துவிடுவோம். அதனால் அதே ஆண்டு ஜூன் 18 அன்று கோலினில் நடந்ததையும் அருகிலேயே வைத்துப் படிக்க வேண்டும். அங்கும் அவர் எதிரியின் முன்னால் நடந்து பக்கவாட்டைத் தாக்கவே முயன்றார், எண்ணம் ஒன்றுதான். கோலினில் ஆஸ்திரியத் தளபதி டௌன் உயரமான மேட்டில் நின்றபடி பிரஷ்யரின் ஒவ்வொரு நகர்வையும் பார்த்தார், தன் படையை அதற்கேற்ப நகர்த்தினார், வென்றார். லாய்த்தனில் குன்றுகள் நடையை மறைத்தன. மேலும் அந்த நிலம் பிரஷ்யப் படை அமைதிக்காலத்தில் பயிற்சி செய்து பழகிய நிலம். ஆக, பிரடெரிக்கின் சிறப்பு அந்த உத்தியைக் கண்டுபிடித்ததில் இல்லை, நிலத்தையும் எதிரியின் அச்சத்தையும் அறிந்து அதைப் பயன்படுத்தியதில்தான் இருக்கிறது. பொறுமையிழந்த நாட்களில் அவர் அதே உத்தியால் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொடுத்தார். 1759இல் கூனர்ஸ்டோர்ஃபில் அவர் படை கிட்டத்தட்டச் சிதறிப்போனது. வென்ற ரஷ்யரும் ஆஸ்திரியரும் பெர்லினை நோக்கிச் செல்லாமல் நின்றதும், 1762இல் ரஷ்ய அரசி எலிசபெத் இறந்ததும் அவரைக் காப்பாற்றின. இவ்விரண்டையும் அவருடைய திறமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கடல் வழியே பார்த்தால்

தரைப்போர்களை மட்டும் படிப்பவர்கள் கவனிக்காத ஒன்றை, ஈல் த பிரான்ஸ் என்று பெயர் தாங்கிய காலத்து நம் தீவின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. இங்கிருந்து சென்ற கப்பற்படைகளின் வெற்றி தோல்வியைப் பாய்மரமும் கயிறும் அரிசியும் குடிநீரும்தான் பெரும்பாலும் தீர்மானித்தன.

லாபூர்தொனே 1746இல் புறப்பட்டபோது அவரிடம் இருந்தவை பெரும்பாலும் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் கப்பல்கள். மாலுமிகளும் போதவில்லை, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களையும் பயிற்றுவித்துக் கப்பலேற்றினார். மடகாஸ்கர் அருகே புயலில் சிக்கிக் கப்பல்கள் சிதைந்தபின், அன்தோங்கில் விரிகுடாவில் காட்டு மரத்தை வெட்டி அவற்றைச் செப்பனிட்டு, சோழமண்டலக் கரைக்குச் சென்று சென்னையைப் பிடித்தார். திரட்டுவதிலும் சீரமைப்பதிலும் அவருக்கு நிகரானவர் குறைவு. ஆயினும் நாகப்பட்டினத்துக்கு அருகே நடந்த கடற்சண்டை முடிவின்றியே நின்றது. சென்னைக் கோட்டையின் காவற்படையோ மிகச் சிறியது. நம் தலைநகரில் சிலையாக நிற்பவர் என்பதற்காக அவரைப் பத்துக்குள் வைக்க முடியாது. முப்பது பெயர் கொண்ட வரைவில் அவருக்கு நிச்சயம் இடமுண்டு.

பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரனின் கணக்கு வேறு. 1781 டிசம்பரில் இத்தீவிலிருந்து புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பற்படையின் தலைமை, அதன் தலைவர் கோம்த் தோர்வ் வழியில் இறந்தபின் அவர் கைக்கு வந்தது. 1782 பிப்ரவரியிலிருந்து 1783 ஜூன் வரை சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக்கரை, நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் ஆகிய இடங்களை ஒட்டி ஆங்கிலத் தளபதி ஹியூசோடு ஐந்து முறை மோதினார். ஐந்திலும் எந்தத் தரப்பும் எதிரியின் பெரும்போர்க்கப்பல் ஒன்றைக்கூடச் சிறைப்பிடிக்கவில்லை. வெற்றியை எண்ணுபவரின் பட்டியலில் இவர் பெயர் வராமலே போகும்.

1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு வெளியே நடந்த சண்டைக்குப் பிந்திய வாரங்களைப் பாருங்கள். இரு படைகளும் சேதமடைந்திருந்தன. ஹியூஸுக்குச் சென்னை இருந்தது. சுஃப்ரனுக்கோ காற்றுக்குத் திறந்துகிடந்த கடலூர்க் கரை மட்டுமே இருந்தது. அருகிலிருந்த சொந்தத் துறைமுகம் என்றால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்த போர்ட் லூயிஸ்தான். வழக்கமான தளபதி எவரும் செப்பனிட இங்கே திரும்பியிருப்பார், அந்த ஆண்டுப் போர் அத்தோடு முடிந்திருக்கும். சுஃப்ரன் திரும்பவில்லை. சிறு கப்பல்களின் பாய்மரத்தண்டுகளைக் கழற்றிப் பெரிய கப்பல்களில் நட்டார். கரையில் கிடைத்த மரத்தைப் பயன்படுத்தினார். கடமை தவறிய கப்பல் தலைவர்களை நம் தீவுக்கே திருப்பியனுப்பினார். ஜூலையிலேயே ஹைதர் அலியை நேரில் சந்தித்து நட்பை உறுதி செய்தார். ஆகஸ்டு இறுதியில், ஹியூஸ் வந்து சேருமுன், திருகோணமலையைப் பிடித்துவிட்டார். ஒரு துறைமுகமே இல்லாத நிலையிலிருந்து அக்கரையின் மிகச்சிறந்த துறைமுகத்துக்கு எட்டு வாரத்தில் வந்து சேர்ந்த இந்த முடிவை, நூற்றாண்டின் பெரும் கட்டளை முடிவுகளுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

குறையையும் எழுத வேண்டும். செப்டம்பர் 3 அன்று திருகோணமலைக்கு வெளியே நடந்த போரில் அவருடைய கப்பல்கள் ஒழுங்காக வரிசை சேராமல், அவருடைய கொடிக்கப்பலும் ஓரிரு கப்பல்களும் மட்டுமே நெருங்கிச் சண்டையிட, நடுப்பாய்மரம் முறிந்து விழும் வரை போயிற்று. தலைவர்களின் மெத்தனம் ஒரு காரணம். தன் திட்டத்தை அவர்களுக்கு முன்கூட்டியே விளக்கி அவர்களை ஒருமனப்படுத்தாத சுஃப்ரனின் சினமும் மற்றொரு காரணம். நைல் போருக்கு முன் நெல்சன் தன் தலைவர்களோடு ஓயாமல் பேசித் திட்டத்தைப் பகிர்ந்துகொண்டதோடு இதை ஒப்பிட்டால், இருவருக்கும் இடையிலான தூரம் புலப்படும்.

தோல்வியையும் கொடுமையையும் எவ்வாறு எழுதுவது

தோல்வியே காணாதவர் என்ற புகழுரை கவர்ச்சியானது. தோற்றபின் மீண்டெழுந்தவரிடமும் தேர்ச்சி தெரியும் என்பதற்கு நாதிர் ஷா சான்று. 1733 ஜூலையில் சமாராவில் துருக்கித் தளபதி தோபால் உஸ்மான் பாஷாவிடம் படுதோல்வியடைந்தார். சில மாதங்களுக்குள் புதிய படையோடு திரும்பிவந்து கிர்க்குக் அருகே அதே தளபதியை வென்றார். 1739 பிப்ரவரி 24 அன்று கர்னாலில், தன்னைவிடப் பெரிய முகலாயப் படையை ஒரே மொத்தமாக மோதவிடாமல், சுமைவண்டிகளைத் தாக்கி முகலாயத் தளபதி சாதத் கானைப் பாசறையைவிட்டு வெளியே இழுத்து, பகுதி பகுதியாக அழித்தார். ஒட்டகத்தின்மேல் ஏற்றிய சிறு பீரங்கிகளும் கனத்த துப்பாக்கி ஏந்திய வீரர்களும் அவர் கையில் ஒன்றுக்கொன்று துணையாக இயங்கின. ஆனால் தாகெஸ்தான் மலைகளில் அவர் பெற்றது தோல்வியே. 1747இல் அவர் கொல்லப்பட்டதும் பேரரசு சிதறியது.

1739 மார்ச்சில் டெல்லியில் நாதிர் நடத்திய படுகொலையும், சுவோரொவின் படைகள் 1790இல் இஸ்மாயில் கோட்டையிலும் 1794இல் வார்சாவின் பிராகா பகுதியிலும் செய்தவையும் அந்தந்தப் பக்கத்தில் மறைக்கப்படாமல் எழுதப்பட வேண்டும். இவற்றுக்காகப் போர்த்திறனின் இடத்தைக் குறைப்பதில்லை என்பது என் நிலை. "சிறந்த" என்ற சொல்லை மனிதருக்குச் சூட்டாமல் கட்டளைத் திறனுக்கு மட்டுமே சூட்டுகிறோம் என்பதைப் பட்டியலின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இருவர் இருவராக ஒப்பிடுங்கள்

மதிப்பெண் போட்டுக் கூட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. எண்கள் துல்லியம் இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தருகின்றனவே தவிர, காரணத்தைத் தருவதில்லை. அடுத்தடுத்து நிற்கும் இருவரை எடுத்து, இவர் ஏன் அவருக்கு மேலே என்று இரண்டு வாக்கியத்தில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் இருவரையும் ஒரே இடத்தில் வையுங்கள்.

என் வரிசையில் முதலிடம் மார்ல்பரோவுக்கு. 1704இல் ரைன் நாட்டிலிருந்து தன்யூப் வரை ஐந்து வாரம் படையை நடத்திச் சென்றபோது, ஹைடல்பெர்க்கில் வீரர்களுக்குப் புதிய காலணிகள் ஆயத்தமாக இருக்கும்படி ஏற்பாடு செய்தவர் அவர். ஆகஸ்டு 13 அன்று பிளென்ஹைமில் பெற்ற வெற்றி, அந்தக் காலணிகளிலிருந்தே தொடங்கியது என்று சொல்வேன். யூஜீனோடு அப்புகழைப் பங்கிட வேண்டும் என்பதும், 1709இல் மால்பிளாக்கேயில் நேச நாட்டுப் படைகள் 20,000க்கு மேற்பட்டோரை இழந்ததும் அவர் பக்கத்தில் இருக்கும். இரண்டாவது சுவோரொவ்: இஸ்மாயிலைத் தாக்குமுன் அதேபோன்ற சுவரும் அகழியும் அமைத்து வீரர்களைப் பயிற்றுவித்தவர், 1799இல் இத்தாலியில் பிரெஞ்சுத் தளபதிகளையும் வென்றவர். பெரும் கூட்டணியைக் கலையாமல் பல ஆண்டு கட்டிக்காத்த சுமை மார்ல்பரோவுடையது, ஆகவே அவர் ஒரு படி மேலே. மூன்றாவது நாதிர், நான்காவது பிரடெரிக், ஐந்தாவது சுஃப்ரன். 1728இல் பால்கேட்டில் நிஜாமின் பீரங்கிப் படையோடு மோதாமலே, வேகத்தால் அதை நீரற்ற நிலத்துக்கு இழுத்துச்சென்று பணியவைத்த பாஜிராவ் ஆறாவது. அவருக்குப் பின் யூஜீன். பிறகு 1745இல் நோயோடு வண்டியில் அமர்ந்தபடி ஃபொந்தனோய்ப் போரை வென்ற பிரெஞ்சுத் தளபதி மோரிஸ் தெ சாக்ஸ். நெப்போலியனை 1800 வரை மட்டுமே எடுத்துக்கொள்வதால் ஒன்பதாவதாக வைக்கிறேன். இதை ஒப்பாதவர்கள் பலர் இருப்பார்கள், அவர்கள் வாதமும் வலுவானதே.

பத்தாவது இடத்துக்கு ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் போட்டியிடுகிறார்கள். 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் கூட் ஹைதரை நேருக்கு நேர் வென்றார் என்பதை வைத்து முடிவு செய்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் வென்ற படை, குதிரைப்படையும் இழுவை மாடும் போதாமல், தோற்றவரைத் துரத்த முடியாது நின்றுவிட்டது. ஹைதர் தன் படையை முழுமையாக விலக்கிக்கொண்டு போரைத் தொடர்ந்தார். ஊர்களை வெறுமையாக்கி எதிரிக்கு மாடும் தானியமும் கிடைக்காமல் செய்தது அவருடைய திட்டத்தின் ஒரு பகுதி. 1769இல் ஆங்கிலப் படையைத் தொலைவுக்கு இழுத்துவிட்டு, குதிரைப்படையோடு சென்னை வாயிலில் வந்து நின்று உடன்பாட்டை எழுதவைத்ததும், 1780 செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் ஆங்கிலத் தலைவர் பெய்லியின் படையை, காஞ்சிபுரத்தில் இருந்த மற்றோர் ஆங்கிலத் தளபதி மன்றோ வந்து சேருமுன் சூழ்ந்து அழித்ததும் அதே மனத்தின் வேலை. ஒரு நாள் போரில் கூட் மேலானவர். ஒரு நாட்டின் போரை நடத்துவதில் ஹைதர் மேலானவர். தொடக்கத்தில் நாம் எழுப்பிய கேள்வி கையில் இருந்ததை வைத்து எடுத்த முடிவைப் பற்றியது என்பதால், பத்தாவது இடத்தை ஹைதருக்கே எழுதுகிறேன். கூட்டின் பெயரைப் பதினொன்றாவதாக, இந்தக் காரணத்தோடு சேர்த்து எழுதிவைக்கிறேன்.